முத்து போட்ட கட்டடம்

“சாவியக் குடுத்துடுங்கம்மா. வேற ஒண்ணும் கேக்கல, சாவி மட்டும்தான்.”

“ஒடம்பு நூத்திரெண்டு சுடுது சார். இந்த நேரத்துல குளுருக் காத்த வுட்டா வெளிய வந்த முத்தெல்லாம் உள்ளுக்குள்ள எறங்கிடும். குடுக்க மாட்டேன்.”

“யாரு ஒடம்பு?”

“நீங்க சாஞ்சிக்கிட்டு நிக்கிறீங்களே, அந்தத் தூணுதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்கன்னு வாசல்லயே எழுதி வெச்சிருக்கேன்ல?”

சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியிருந்த அருள்முருகன் தூணிலிருந்து முதுகை எடுத்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் நிலக்கடலை அளவில் நான்கைந்து ஈரவட்டங்கள் இருந்தன. அரியலூரில் ஜெயங்கொண்டம் சாலையில் இருக்கும் கே.எஸ். டவர் என்கிற ஐந்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்கு அந்த வருடம் சித்திரை பதினோராம் தேதி அம்மை போட்டது. அருள்முருகன் வந்து சாவி கேட்டது மூன்றாம் நாள். கட்டடங்களைப் பராமரிக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றில் அவர் மண்டல மேலாளர். சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எதிரே நின்ற பரிமளா அதே கம்பெனியின் சூப்பர்வைசர். கூட்டுவது, துடைப்பது, தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், ஏசி எல்லாவற்றையும் பதினான்கு பேரை வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இடது கன்னத்தில் மூன்று அம்மைத் தழும்புகள் இருந்தன. ஒன்பது வயதில் வந்தது.

கட்டடத்தின் சொந்தக்காரர் கலைச்செல்வன் ஒரு காலத்தில் இரண்டு டிப்பர் லாரி வைத்துச் சுண்ணாம்புக்கல் ஓட்டியவர். லாரி இரண்டு இருபதானபோது, நம்மூரில் மெட்ராஸ் மாதிரி ஒரு கட்டடம் இருந்தால் ஆகாதா என்று கேட்டுக்கொண்டு இதைக் கட்டினார். நாலு பக்கமும் கண்ணாடி. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடத் திறக்காது, எல்லாவற்றையும் சுற்றிப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே ஃபைனான்ஸ் ஆபீஸ், அரசுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் சென்டர், ஸ்கேன் சென்டர், கீழே ராசாத்தியின் கேன்டீன். மொட்டை மாடியில் லாரி அளவுக்கு ஒரு ஏசி மெஷின் இரவும் பகலும் உறுமியது. வெளியே நாற்பது டிகிரி அடிக்கும் சித்திரையில் உள்ளே இருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். கண்ணாடி திருப்பி அடித்த வெயிலில் எதிர்ச்சாரி சைக்கிள் கடைக்காரர் மனைவி அரை நாளில் வடகம் காயவைத்து எடுத்தாள். குவாரி லாரிகள் கிளப்பிவிடும் வெள்ளைத் தூசு கண்ணாடியில் படிந்துவிடுவதால் வாரம் மூன்று டேங்கர் தண்ணீரில் அதைக் கழுவினார்கள். கழுவிய தண்ணீர் சாக்கடையில் ஓடும்போது சாலைக்கு அந்தப் பக்கம் பெண்கள் குழாயடியில் குடத்தோடு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும்.

மணிக்கொருதரம் ஒவ்வொரு மாடியின் வெப்பத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஊரில் எல்லாச் சூப்பர்வைசர்களும் அதில் ‘ஓகே’ என்று எழுதுவார்கள். பரிமளா பார்த்ததை எழுதுவாள். ‘இரண்டாம் மாடிக்கு மூச்சு வாங்குகிறது.’ ‘மாலை நாலு மணிக்கு மேற்குச் சுவர் இருமியது. லாரி சத்தம் இல்லை, உறுதி செய்யப்பட்டது.’ ‘கட்டடத்துக்குத் தாகம்.’ மாதா மாதம் அந்த நோட்டின் நகல் சென்னைக்குப் போயிற்று. இரண்டு வருடமாக யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள் போலிருந்தது.

முதல் நாள் காலை வாசல் தூணில் கடுகு கடுகாகக் கிளம்பியிருந்தது. ஏசி மெக்கானிக் ஜூட் தண்ணீர்க் கசிவு என்றான். ஏலாக்குறிச்சிக்காரன், இருபத்தாறு வயது, எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டான். எல்லாக் குழாய்களையும் அடைத்துப் பார்த்தான், கசிவு இல்லை. மறுநாள் ஐந்து மாடிச் சுவரிலும் பரவி, ஒவ்வொன்றும் உளுந்து அளவாகி, உள்ளே நீர் கோத்துக்கொண்டது. அவன் ஓடிப்போய் மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வாங்கிவந்து தூணில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தான். பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தான்.

“என்னடா, நீ மாதா கோயிலுக்குப் போறவனாச்சே,” என்றாள் பரிமளா.

“எனக்கு வந்தப்ப எங்க வூட்லயும் வேப்பலதான் வெச்சாங்க அக்கா. மாதா படத்துக்குக் கீழ.”

பெரம்பலூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த மகள் அபிநயாவுக்கு அன்று மதியம் பரிமளா போன் செய்தாள். அவளுடைய படிப்பு முழுதும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டு அபிநயா சிரித்தாள். “அம்மா, அது வைரஸ்ம்மா. செவுத்துக்கு எப்படிம்மா வரும்?”

“அதச் செவுத்துக்கிட்ட சொல்லு. மனுசங்களுக்கு வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். இத எந்த வார்டுல சேக்குறது, நீயே சொல்லு.”

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று மகள் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. போனை வைத்ததும் பரிமளா மாடிக்குப் போய் ஏசி மெஷினை நிறுத்தினாள். மெஷின் அறையைப் பூட்டினாள். இன்னொரு சாவி தொலைந்து போய் ஒரு வருடமாகியிருந்தது. ஸ்கேன் சென்டரின் கருவிக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ஏசி. நோயாளிகள் வருகிற இடம் என்று அதை அவள் தொடவில்லை. கேன்டீனில் தாளிப்பு நிறுத்தப்பட்டது. ராசாத்தி கம்பங்கூழும் மோரும் மட்டும் கொடுத்தாள். யாரும் சென்ட் போட்டுக்கொண்டு வரக்கூடாது, கால் கழுவாமல் நுழையக்கூடாது, இங்கிருந்து கிளம்பி நேராக இன்னொரு கட்டடத்துக்குள் போகக்கூடாது. ஃபைனான்ஸ்காரர்கள் முதலில் திட்டினார்கள். அம்மை போட்ட இடத்தில் குரலை உயர்த்தக்கூடாது என்பது அவர்களுக்கும் தெரியுமாதலால் மெதுவாகத் திட்டினார்கள்.

அருள்முருகனுக்கு இதெல்லாம் கேவலமாகப் பட்டது. சுவருக்கு ரசாயனப் பூச்சு ஒரு கோட்டிங் அடித்து, ஏசியைப் பதினெட்டில் வைத்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். பரிமளா சாவி தரவில்லை. கடைத்தெருவிலிருந்து பூட்டு உடைக்கிறவரை வரவழைத்தார்கள். அவர் வந்தார், வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். பஸ் செலவுகூடக் கேட்கவில்லை. பெயின்டர்கள் வந்தார்கள், அவர்களும் போய்விட்டார்கள். பரிமளா அதற்குள் கண்ணாடி கழுவுகிறவர்கள் தொங்கும் கயிறுகளை மொட்டை மாடியிலிருந்து இறக்கி, வேப்பங்கொத்துகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து மாடிக்கு எவ்வளவு வேப்பிலை வேண்டும் என்று அதுவரை யாரும் கணக்குப் போட்டதில்லை. ஆறு டிராக்டர் பிடித்தது. கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்திலிருந்து முந்திரிக்காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு தாங்களே வந்து இறங்கினார்கள். யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, கட்டடம் கூப்பிட்டது என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் இலையை உதிர்க்காமல் இறக்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

நான்காம் நாள் மாலைக்குள் கண்ணாடி வெளியே தெரியவில்லை. ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு வேப்பமரம் நிற்பது போலிருந்தது. ஜூட் வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதினான்: வெளியே நாற்பத்தொன்று, உள்ளே முப்பத்தொன்று. ஏசி இல்லை. அவன் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொருமுறை அளந்தான். முப்பத்தொன்றுதான். ஸ்வெட்டர் போட்டிருந்த பெண்கள் ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

அன்று அருள்முருகன் செய்த தவறு ஒன்றே ஒன்று. பசி தாங்காமல் கேன்டீனில் ஆம்லெட் கேட்டார். ராசாத்தி மாட்டேன் என்றாள். அவர் தானே உள்ளே போய், வாணலியில் எண்ணெய் ஊற்றி, முட்டையை உடைத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் மூன்றாம் மாடிச் சுவரில் இருநூறு முத்துகள் ஒன்றாக உடைந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆம்லெட்டைச் சாப்பிட்டுவிட்டு, பரிமளாவின் மீது நடவடிக்கை எடுப்பதற்கு ஆதாரமாக அவளுடைய நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. மின்சாரம் இருந்தது. விளக்கு எரிந்தது. காற்று வந்தது. கோளாறு ஒன்றும் இல்லை என்று ஜூட் கதவுக்கு வெளியிலிருந்து கத்திச் சொன்னான். லிஃப்ட் நகரவில்லை, அவ்வளவுதான்.

“எப்ப நகரும்?” என்று உள்ளிருந்து கேட்டார்.

“எண்ணெ வாசன போன பொறவு நகரும் சார். நீங்க உக்காருங்க,” என்றான் ஜூட்.

இரண்டரை மணிநேரம் ஆயிற்று. கையில் வேறொன்றும் இல்லாததால் அவர் நோட்டைப் படித்தார். இரண்டு வருடக் குறிப்புகளையும் படித்தார். ‘கட்டடத்துக்குத் தாகம்’ என்ற இடத்தில் லிஃப்ட் லேசாக அதிர்ந்ததாகப் பிற்பாடு அவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அன்று கதவு திறந்ததும் நோட்டைப் பரிமளாவின் கையில் கொடுத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு, லாட்ஜுக்குப் போய் அவளுடைய வேலைநீக்கக் கடிதத்தை எழுதினார். படித்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட அது அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

கடிதம் அவளுடைய போனுக்கு ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தது. அதே ஒன்பது மணிக்குத்தான் கண்ணாடிகள் திறந்தன. பசை தானாக இளகிச் சொட்டியது. கீலே வைக்காத கண்ணாடிகள் கீல் வைத்தது போல ஒவ்வொன்றாக ஒரு சாண் அளவுக்கு வெளியே சாய்ந்து நின்றன. நானூற்றுப் பன்னிரண்டும் திறந்து முடிக்கப் பத்து நிமிடம் பிடித்தது. வேப்பிலைக்குள் புகுந்து வந்த காற்று ஃபைனான்ஸ் ஆபீஸின் காகிதங்களை எல்லாம் தூக்கிப் பயிற்சி சென்டருக்குள் போட்டது. பரிமளா கம்பெனி கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றி மடித்துக் காவலாளி நாற்காலியில் வைத்தாள். அதன்மேல் அடையாள அட்டையை வைத்தாள். பிறகு தன் கத்தரிப்பூ நிறச் சேலையோடு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காகிதம் பொறுக்கப் போனாள். இனி உள்ளே வரக்கூடாது என்று அருள்முருகன் சொன்னார்.

“நோட்டு எழுத ஆள் வேணும்ல சார். மணி பத்தாவுது,” என்றாள்.

கலைச்செல்வனுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. ஐந்து நாளாக அவர் சாலைக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கட்டடம் கெட்டுவிட்டது என்று கம்பெனிக்காரர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். தன் கண்ணாடி வேப்பிலைக்குப் பின்னால் மறைந்து போனதைக் கிட்ட வந்து பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போதுதான் இறங்கி வந்தார். மொட்டை மாடியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர் நூற்றெட்டுக் குடம் இருந்தது. சுடவைக்க ஒரு பைசா மின்சாரம் செலவாகவில்லை. குழாயடிப் பெண்கள் தங்கள் பங்குத் தண்ணீரிலிருந்து ஆளுக்கு அரைக்குடம் கொண்டுவந்து அதில் சேர்த்திருந்தார்கள். இத்தனை நாள் தங்கள் கண் எதிரே தண்ணீரை ஓடவிட்ட கட்டடத்துக்கு ஏன் கொடுக்கிறீர்கள் என்று கலைச்செல்வன் கேட்டார். “ஓடவுட்டது நீங்க. அது என்னா பண்ணும் பாவம்?” என்றாள் ஒருத்தி. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு குடத்தைத் தூக்கினார். மாடியின் விளிம்பிலிருந்து தண்ணீர் இறங்கி ஐந்து மாடியையும் நனைத்தபோது கட்டடம் ஒருமுறை சிலிர்த்தது. ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தெரிந்தது. ஜூட் தெர்மாமீட்டரைத் தூணில் வைத்தான். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

வழக்கப்படி ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று தண்ணீர் ஊற்றி முடித்தபின் முத்துகள் காய்ந்து உதிர்ந்தன. கூட்டி அள்ளியதில் பதினோரு மூட்டை. நல்ல சுண்ணாம்பு. எதிர்ச்சாரி வீடுகளுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் மொட்டை மாடிகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டதில் வீடுகள் குளிர்ந்து அந்தத் தெருவிலும் மின்விசிறியின் வேகம் குறைந்தது. முத்து இருந்த இடங்களில் தழும்பு விழுந்தது. விரல் நுழையும் அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஊசித் துளை ஒன்று சுவரின் மறுபக்கம் வரை போனது. அதன் வழியாகக் காற்று வந்துபோயிற்று. காதை வைத்துக் கேட்டால் உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் கேட்கும்.

கம்பெனி விடவில்லை. குழிகளைப் பட்டி பூசி அடைக்கவும், கண்ணாடிகளை இழுத்துச் சாத்தவும், பரிமளாவிடமிருந்து சாவியை வாங்கவும் ஆட்களை அனுப்பியது. பட்டி அன்று மாலையே உதிர்ந்து விழுந்தது. கண்ணாடிகள் அசையவில்லை. பதினான்கு பேரும் சாம்பல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் அடுக்கினார்கள். அடுக்கு காவலாளியின் தலைக்கு மேல் போயிற்று. கடைசியில் அருள்முருகன் கலைச்செல்வனிடம் போய், இந்தத் தழும்போடு கட்டடத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்டார். கலைச்செல்வன் வாசல் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

“எம்புள்ள மூஞ்சியில தழும்பு இருந்தா இருந்துட்டுப் போவுது சார்,” என்றார். “மூச்சு வுடுதில்ல? அது போதும். நீங்க கெளம்புங்க.”

ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது. பரிமளாவையும் பதினான்கு பேரையும் கலைச்செல்வனே வேலைக்கு வைத்துக்கொண்டார். அபிநயா படிப்பை முடித்து அரியலூரிலேயே வேலைக்கு வந்தாள். கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் நாடி பார்ப்பவள் போலத் தூணை ஒரு நிமிடம் தொட்டுவிட்டுப் போவாள். முதல் வருடம் மின்சார வாரியத்திலிருந்து மூன்று முறை வந்து மீட்டரை மாற்றினார்கள். நாலில் ஒரு பங்குதான் ஓடுகிறது என்பதை நம்ப அவர்களுக்கு மூன்று மீட்டர் தேவைப்பட்டது. வாரம் மூன்று டேங்கர் தண்ணீர் குழாயடித் தொட்டிக்குப் போயிற்று. கண்ணாடியின் தூசை ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது. மாடியில் ஏசி மெஷினுக்கு ஜூட் மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்தான். அதற்கு மட்டும் பரிமளா சாவியை அவிழ்த்துத் தருவாள். ஒவ்வொரு சித்திரையிலும் கயிறுகளில் வேப்பிலை ஏறியது. நோட்டின் குறிப்புக் கட்டத்தில் அவள் இப்போதும் எழுதினாள். ‘நன்றாகத் தூங்கியது.’ ‘இரண்டாம் மாடி சிரித்தது. காரணம் தெரியவில்லை.’

மூன்று வருடம் கழித்து ஒரு சித்திரைக் காலையில் அருள்முருகன் வந்தார். வாசலுக்கு வெளியே, வெயிலில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை. பரிமளா படியில் நின்று பார்த்தாள்.

“பெரம்பலூர்ல நாலு ரோடு பக்கத்துல எங்களுக்கு ஒரு கட்டடம் இருக்கு,” என்றார். “ஏழு மாடி. முழுக்கக் கண்ணாடி. முந்தாநாள் தூணுல கடுகு மாதிரி கெளம்புச்சு. நேத்து நூத்தி மூணு. மெட்ராஸ்ல ஃபுல்லா ஏசியப் போடச் சொல்றாங்க. நான் இன்னும் போடல.”

“அங்கேர்ந்து நேரா இங்க வந்துட்டீங்களா?”

“அது தப்புன்னு தெரியும். அதான் வெளியவே நிக்கிறேன்.”

பரிமளா ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை எடுத்துவந்து படியில் வைத்தாள். அவர் குனிந்து காலைக் கழுவினார். மேலே மூன்றாம் மாடியில் ஒரு கண்ணாடி இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது. எட்டிப் பார்ப்பது போலிருந்தது.

“நீங்க ஒருவாட்டி வரணும்க்கா,” என்றார்.

“அங்க மெஷின் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?”

அவர் கை சட்டைப் பைக்குப் போய் அங்கேயே நின்றது. “எங்கிட்டதான்.”

பரிமளா சேலைத் தலைப்பின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு படியிலிருந்து இறங்கி, அவருக்கு எதிரே வந்து கையை நீட்டினாள்.

“குடுத்துடுங்க சார். வேற ஒண்ணும் கேக்கல, சாவி மட்டும்தான்.”